பாசிப்பயறுப் பச்சை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் அந்தச் சேலையைத் துவைத்துவிட்டாள். ஒரு தையற்கூடத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்து பார்க்கிறேன், என் வேலையறை ஆணியில் இத்தனை வருடமாக மாட்டியிருந்தது மொட்டைமாடிக் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. "ரொம்ப நாளா அழுக்காவே மாட்டியிருக்கே மேடம், நானே அலசிப் போட்டுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகச் சிரித்துக்கொண்டே நின்றாள். எனக்குத் திட்டவும் வரவில்லை, பாராட்டவும் வரவில்லை. பாசிப்பயறு நிறத்தில் நூல் சேலை, அரக்குக் கரை. ஈரமாக இருக்கும்போது எந்தச் சேலையும் ஒரே இருட்டு நிறமாகத்தான் தெரியும். அதில் கறை இருக்கிறதா, போய்விட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ந்தால்தான் உண்டு. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதற்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

சினிமாவுக்கு உடை வடிவமைப்பது என் தொழில். பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: இந்த ஆசை எந்த வயதில் வந்தது? சின்ன வயதிலேயே பொம்மைக்குச் சட்டை தைத்துப் போட்டேன் என்று சொல்லிவிடுவேன். கேட்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. நான் பொம்மைக்குச் சட்டை தைத்ததே கிடையாது. ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், அம்பாசமுத்திரத்தில் என் அத்தை வீட்டில், இந்தச் சேலையால்தான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. அதைச் சொல்லவேண்டுமென்றால் அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும், அத்தையைப் பற்றிச் சொல்ல பேட்டியில் இடம் போதாது.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் வீடு பாளையங்கோட்டையில். லீவு விட்டால் அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டுவிடுவார்கள். மாமாவுக்கு ஆற்றங்கரையை ஒட்டி வாழைத் தோட்டமும் கொஞ்சம் வயலும் இருந்தன. அத்தைக்கு அந்தத் தெருவில் ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது சுத்தம். வீட்டுக்கு வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டைக் காலரைப் பார்ப்பாள். என் சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையை, "பையன் நல்ல பையன்தான், ஆனா கஃப்பு மடிப்பைப் பாத்தியா?" என்று கேட்டே கலைத்துவிட்டாள். எந்தக் கறைக்கும் அவளிடம் மருந்து இருந்தது. பேனா மைக்குப் பால், துருவுக்கு எலுமிச்சையும் உப்பும், மஞ்சளுக்கு வெயில், எண்ணெய்க்கு விபூதி. பக்கத்து வீடுகளிலிருந்து கறை பட்ட துணிகளை வைத்தியரிடம் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவருவார்கள். அவளும் நாடி பார்ப்பதுபோல் கறையை விரலால் தடவி, மோந்து பார்த்து, "இது நேத்து வச்ச ரசம்லா" என்று சொல்லுவாள்.

அவள் கைக்கு அடங்காத கறை ஒன்றே ஒன்றுதான், வாழைக்கறை. வாழையை வெட்டும்போது தண்ணீர்போல வடியும் பால், துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்துப்போகும். அப்புறம் அந்தத் துணி கிழியும்வரை கறை கூடவே இருக்கும். வாழைத் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டதுதான் அத்தையின் பெரிய துயரம். மாமாவின் வேட்டிகளை இரண்டாகப் பிரித்து, வெள்ளை வேட்டிகளைப் பீரோவிலும், 'தோட்டத்து வேட்டி'களை அடுக்களைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியிலும் வைத்திருந்தாள். இரண்டையும் ஒரே கொடியில் காயப்போடக்கூட மாட்டாள். மாமா சாப்பிட உட்காரும்போது எந்தப் பெட்டி வேட்டியைக் கட்டியிருக்கிறார் என்று பார்த்துத்தான் இலை போடுவாள் என்று மாமாவே சொல்லிச் சிரிப்பார்.

அந்த லீவில்தான் ஊருக்கு ஷூட்டிங் வந்தது. தாமிரபரணிக் கரையில் ஷூட்டிங் ஒன்றும் அதிசயமில்லை, ஆனால் எங்கள் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அத்தை வீட்டு மாடியைக் கதாநாயகி உடை மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்தார்கள். முதலில் வந்து இறங்கியவர் ஒரு காஸ்ட்யூமர். நடுத்தர வயது, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலைபோல் அளவு டேப். ஒரு வேன் நிறையப் புதுச் சேலைகளோடு வந்து, பழைய சேலை கொடுத்தால் புதுச் சேலை தருவேன் என்று தெருவில் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிப் பழக்கம். பாத்திரக்காரனிடம் பேரம் பேசித் தழும்பேறிய வாய்கள். "புதுச் சேலையோட ஒரு சம்படமும் தந்துருங்க அண்ணாச்சி" என்று அவரை மொய்த்துவிட்டார்கள். அவர் சம்படம் என்றால் மூடி போட்ட டப்பா என்று தெரியாமல் எல்லாரிடமும் "ஷூட்டிங் முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார். ஷூட்டிங் முடிந்த அன்று அவர் பட்ட பாட்டை இன்னொரு சமயம்தான் சொல்லவேண்டும்.

ஆனால் ஒருத்தியும் பழைய சேலை கொண்டுவரவில்லை. சினிமாவில் வரப்போகிற சேலையாயிற்றே. கல்யாணப் பட்டு, வளைகாப்புப் பட்டு, பிரித்தே பார்க்காத ஜரிகைக் கரை என்று பீரோவைக் காலி செய்துகொண்டு வந்தார்கள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு பொறவாசல் பக்கமாகத் தப்பித்து வந்தபோதுதான் எங்கள் கொடியில் இந்தச் சேலையைப் பார்த்தார். பல வருடம் ஆற்று வெயிலில் வெளுத்து, உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆகியிருந்த பச்சை. கடையில் எங்கு தேடினாலும் அந்த நிறம் கிடைக்காது. இன்றைக்கு நான் அந்த நிறத்துக்காகச் சாயப்பட்டறைக்காரர்களிடம் சண்டை போடுகிறேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்த விதத்தைப் பார்த்துவிட்டு அத்தை அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

"இது வீட்டுல உடுத்துதது அண்ணாச்சி. இதையா சினிமாவுல காட்டப் போறீக?"

"கதாநாயகியே இதைத்தான் கட்டப் போறாங்கம்மா" என்றார் அவர். அத்தை கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள். இந்தச் சேலையைத் தெருவே அறியும். திரையில் யார் பார்த்தாலும் இன்னார் வீட்டுச் சேலை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. அவர் பெரிதாகத் தலையாட்டினார். கதாநாயகி வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற பெண்ணாக வருகிறாள் என்பதை அவர் சொல்லவில்லை, அத்தை கேட்கவும் இல்லை. மறுநாள் அத்தை சேலையைக் கொடுத்தபோது அது வேறு பிறவி எடுத்திருந்தது. துவைத்து, நைந்த இடத்தில் இழையோட்டி, நீலம் போட்டு, கெட்டியாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, மடிப்புக்குள் பாச்சா உருண்டை வைத்திருந்தாள். காஸ்ட்யூமர் அதைப் பிரித்தபோது அப்பளம்போல் சத்தம் வந்தது.

அன்று மத்தியானம் முழுக்க அவர் மாடியில் உட்கார்ந்து அத்தை செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியை எடுத்தார். முழங்கால் வரும் இடத்தைச் செங்கல்லால் பைய உரசினார். முந்தானை ஓரத்தில் நகத்தால் இரண்டு இழைகளை இழுத்துவிட்டார். பிறகு ஒரு குப்பியிலிருந்து ஏதோ சாயத்தைத் தொட்டு மடியிலும் இடுப்பிலும் வட்டம் வட்டமாக வைத்தார். "இது என்ன?" என்றேன். "உங்க ஊரு வாழைக்கறைதான்மா" என்றார். ஒரு சேலைக்கு ஒருவர் வயது ஏற்றிக்கொண்டிருக்கிறார்! இதுவரை கண்ணால் பார்க்காத ஒரு பெண் என்ன வேலை செய்கிறாள், எப்போது கீழே விழுந்தாள், எங்கே கை துடைக்கிறாள் என்று அவர் துணியில் எழுதிக்கொண்டே போகிறார். இப்படியும் ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் சம்பளமும் உண்டு என்று தெரிந்த அந்த மத்தியானம்தான் நான் கெட்டுப்போனது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அத்தை காதில் இது விழுந்தால் வீடு இரண்டுபடும் என்பதும் தெரிந்தது. அதனால் அவள் மாடிக்கு வரும்போதெல்லாம் நான் படியிலேயே வழிமறித்து, தாகமாக இருக்கிறது, பசிக்கிறது என்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு நான் தின்ற முறுக்குக்கு அளவே கிடையாது.

மறுநாள் மாமாவின் தோட்டத்தில் ஷூட்டிங். கறைக்குப் பயந்து அத்தை அந்தப் பக்கமே வரமாட்டாள். கதாநாயகி யாருக்கோ பயந்து வாழைகளுக்கு நடுவே ஓடி, சேற்றில் விழுந்து எழுந்து வீட்டைப் பார்த்து ஓடவேண்டும். ஊரே கதாநாயகியின் முகத்தைப் பார்த்தது. நான் சேலையைப் பார்த்தேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனதும் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, அவள் நிஜமாகவே அவ்வளவு சிவப்பா, கன்னத்தில் குழி விழுமா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "ரவிக்கையில ஒரு கொக்கி இல்ல, ஊக்கு குத்தியிருந்தா" என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க என்னைக் கூறுகெட்டவள் கணக்கில்தான் வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் கதாநாயகி வேறு உடைக்கு மாறிக் காரில் போய்விட்டாள். விட்ட இடத்திலிருந்து மறுநாள் காலையில் தொடர்ந்து எடுப்பார்கள். அவள் ஓடிவந்து எங்கள் தெருவில் நுழைகிற காட்சி. அதனால் சேறும் கறையுமாக அந்தச் சேலையை அப்படியே எங்கள் பொறவாசல் கொடியில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் தொட வேண்டாம் என்று காஸ்ட்யூமர் மாமாவிடம் சொன்னாராம். மாமாவும் கேட்டுக்கொண்டாராம். அத்தையிடம் சொல்ல மறந்துவிட்டார்.

விடிந்ததும் குளிக்கப் போவதற்காகப் பொறவாசலுக்கு வந்த அத்தை கொடியைப் பார்த்தாள். தன் சேலை, தன் கொடியில், அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிகிற மாதிரி, அந்தக் கோலத்தில். எனக்கு விழிப்பு வந்தபோது அத்தையும் இல்லை, சேலையும் இல்லை. அவள் ஆற்றிலிருந்து திரும்பி வந்து நீலம் போட்டு, கஞ்சி போட்டு, வெயிலில் பிடித்து உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியில் கரித் துண்டுகளை ஊதிக்கொண்டிருந்த சமயத்தில் காஸ்ட்யூமர் உள்ளே வந்தார். கஞ்சியில் விறைத்து நின்ற சேலையைப் பார்த்தார். பிறகு மாட்டுத் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஏன் அங்கன போயி உக்காந்துட்டீக?"

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? நேத்து சேத்துல விழுந்த பொண்ணு தெருவுக்குள்ள வரும்போது இஸ்திரி போட்ட சேலையிலயா வருவா?"

"அழுக்கா இருந்துச்சு, துவைச்சேன். இதுல என்ன தப்பு?"

"அம்மா, அந்த அழுக்குக்குத்தாம்மா எங்களுக்குச் சம்பளமே."

அத்தை அசரவில்லை. "வாழைக்கறை மாதிரி போட்டிருந்தீகளே, ஒரு கசக்குல போயிட்டு. நெசமான வாழைக்கறையா இருந்தா போயிருக்குமா? கறை நல்லா இருந்தா அது ஏன் போகுது? உங்க மேல தப்ப வச்சுக்கிட்டு என்னச் சொல்லுதீகளே" என்றாள். இவ்வளவு வருடம் கழித்து யோசித்துப் பார்த்தாலும் அவள் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது.

சாயக் குப்பி முந்தின நாளே காலியாகிவிட்டது, அடுத்தது சென்னையிலிருந்து வரவேண்டும். முந்தின நாள் சேலை எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ள எடுத்து வைத்திருந்த போட்டோவைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. படம் பிடித்த பையனும் ஊரோடு சேர்ந்து கதாநாயகியின் முகத்தை மட்டுமே பிடித்திருந்தான். சேலை கழுத்துக்குக் கீழே ஒரு விரற்கடை தெரிந்தது. காஸ்ட்யூமர் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார், எனக்குப் பயமாகிவிட்டது. அப்போதுதான் வாயைத் திறந்தேன். மடியில் இடது பக்கம் பெரிய கறை, அதற்கு மேலே இடுப்பில் ஒன்று, சேறு வலது முழங்காலில் தொடங்கிக் கொசுவத்தின் ஓரம்வரை, முந்தானையில் சேறு கிடையாது, விழும்போது அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், இழுத்துவிட்ட இழை கரையிலிருந்து ஒரு சாண் தள்ளி. சொல்லச் சொல்ல அவர் சேலையைப் பட்டாசலில், முன்கூடத்துத் தரையில், நீளமாக விரித்தார். நான் குனிந்து ஒவ்வொரு இடமாகச் சாக்குக்கட்டியால் குறி வைத்தேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில், இவளை அவளுடைய அப்பனிடம் எப்போது பஸ் ஏற்றிவிடலாம் என்ற யோசனை இருந்தது.

சேற்றுக்குப் பஞ்சமில்லை. கறைதான் வரவில்லை. டீத் தண்ணீரைக் கறுக்கக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார்கள். அத்தையின் கஞ்சிக்கு மேல் அது ஒட்டாமல் வழிந்து, ஓரத்தில் மட்டும் மஞ்சளாக நின்றது. தெருவில் எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டக் காட்சியில் நிற்பதற்காகக் காலையிலிருந்து காத்திருந்தார்கள். சாதாரணமாக வரச் சொல்லியும் ஒருத்தி பாக்கியில்லாமல் பட்டுடுத்திப் பவுடர் போட்டு வந்து, வெயிலில் பவுடர் கோடு கோடாக வழிய நின்றார்கள். சேலையைத் துவைத்து அத்தை சினிமாவையே நிறுத்திவிட்டாள் என்ற பேச்சு தெருமுனைவரை போய்த் திரும்பி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அதோடு டைரக்டரிடமிருந்து ஓர் ஆள் வந்து, "இங்க முடியலேன்னா விட்டுடச் சொல்லிட்டாரு. ஆழ்வார்குறிச்சியில ஒரு தெரு பாத்து வெச்சிருக்கோம், வேற சேலையில முதல்லேருந்து எடுத்துக்கலாமாம்" என்றான்.

ஆழ்வார்குறிச்சி என்ற பெயரை அன்று அந்த வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அத்தையின் ஓரகத்தி, அதாவது மாமாவின் தம்பி மனைவி, அங்கேதான் இருந்தாள். அத்தை கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்து வைத்த பெயருக்குப் போட்டியாக அங்கே ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டு வந்தவள் அவள். அத்தை அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் சினிமா ஓரகத்தி தெருவுக்குப் போகிறது. இன்னொரு பக்கம், தெருவே அறிந்த தன் சேலையில் கறை. காஸ்ட்யூமரின் உதவியாள் டீயைக் கரண்டியில் எடுத்து முந்தானையில் ஊற்றப் போனபோது அவளால் தாங்க முடியவில்லை.

"ஏய், அங்கன ஏன் ஊத்துத? இலை அறுக்குதவளுக்கு முந்தானையில கறை எப்படி வரும்? வாழைத் தோட்டத்துக்குள்ள டீக்கடையா இருக்கு?" கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "கறை போடுததுன்னா ஒழுங்காப் போடணும்."

சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்து, தோட்டத்திலிருந்து ஒரு இளவாழையை வெட்டிக்கொண்டு வரச் சொன்னாள். மாமா தன் காதையே நம்பவில்லை. "நெசமாத்தான் சொல்லுதியா ஏளா? இதுக்குத்தான இத்தன வருசம் ஏச்சு வாங்குனேன்" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். வாழை வந்தது. அத்தை சேலையில் கறை போடவேண்டிய இடங்களை மட்டும் நனைத்துக் கஞ்சியை எடுத்தாள். பிறகு தான் கட்டியிருந்த சேலைக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டாள். மட்டையை அரிவாளால் சீவினாள். மடியில் நான் குறி வைத்த இடத்தில் பாலைச் சொட்டவிட்டாள். இடுப்புக்கு வந்தபோது நின்றாள். தோட்டத்துப் பெண்கள் செய்கிறபடி மட்டையை இரண்டு கையாலும் பிடித்து அறுப்பதுபோல் அறுத்து, பிசுபிசுத்த கையை இடுப்பில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தாள். நான்கு விரல்களும் விழுந்தன.

"நேத்து வட்டமா இருந்ததேம்மா" என்றார் காஸ்ட்யூமர்.

"நேத்து இருந்தது தப்பு" என்றாள் அத்தை.

சேலையை வெயிலில் போட்டுவிட்டு எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பைய மங்கலாகி, பழுத்து, கறுத்தது. வாழைக்கறை கறுப்பதை ஒரு சினிமா யூனிட்டே கூடி நின்று வேண்டிக்கொண்டு பார்த்தது அன்றுதான் இருக்கும். அத்தை மட்டும் பார்க்கவில்லை. கிணற்றடியில் சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். கண் கலங்கியிருந்தது. "நல்ல சேலைட்டி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கதாநாயகி அதை உடுத்திக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்ததும் அழுகை நின்றுவிட்டது. முந்தின நாள் அவள் சேலை கட்டிய நடிகை. அன்று அவள் எங்கள் தோட்டத்திலிருந்து வருகிறவள். படியிறங்கும்போது அவள் கை தானாகவே அந்த விரல் தடத்தின் மேல் போய் நின்றது. காஸ்ட்யூமர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்தது.

ஷூட்டிங் முடிந்து கிளம்பும்போது அவர், "எங்க யூனிட்டுக்கே வந்துடுங்கம்மா" என்றார். "எதுக்கு? துவைக்கவா, அழுக்காக்கவா?" என்று கேட்டாள் அத்தை. முதலில் பேசிக்கொண்டபடி அவளுக்கு ஒரு புதுச் சேலையைக் கொடுத்துவிட்டுப் பச்சைச் சேலையை என்னிடம் கொடுத்தார். அதைப் பீரோவில் வைக்க அத்தை விடவில்லை. மாமாவின் தோட்டத்து வேட்டிகளோடு தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. கறை யார் கையால் வந்தது என்பதை வெளியே மூச்சு விடக் கூடாது என்று மாமாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முற்றத்தில் நின்று பார்த்த யூனிட்காரர்கள் ஊரைவிட்டுப் போயாயிற்று. தெருக்காரர்களுக்குச் சினிமாக்காரர்கள் ஏதோ கறை போட்டார்கள் என்பதுதான் கணக்கு.

படம் அம்பாசமுத்திரத்துக்கு வந்தபோது தெருவே கிளம்பிப் போனது. நானும் அதற்காகவே பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தேன். ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஓரகத்தியும் வந்து அத்தைக்கு அடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். தியேட்டர் இருட்டானதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள், சேலை திரையில் வந்ததும் பிடி இறுகியது. தோட்டத்தில் ஓட்டம், விழுதல். பிறகு எங்கள் தெரு. எல்லாரும் தங்கள் தங்கள் முகத்தைத் தேடிச் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஓரகத்தி, அரங்கத்துக்கே கேட்கிற மாதிரி, "என்னக்கா, இது உங்க பச்சைச் சேலைல்லா? இவ்ளோ கறையோடயா தூக்கிக் குடுத்தீக?" என்றாள்.

சத்தம் அடங்கிவிட்டது. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். சினிமாக்காரர்கள் போட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பெயர் அப்படியே இருக்கும். அதைச் சொல்வதற்காகத்தான் அவள் எழுந்தாள் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் எழுந்தவள் திரையைப் பார்த்துவிட்டாள். கதாநாயகி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறாள். அவள் விரல்களுக்குக் கீழே அத்தையின் நான்கு விரல்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்கு.

"கறையை நான்தான் போட்டேன்" என்றாள் அத்தை. "நானே என் கையால போட்டது. நெசமான வாழைக்கறை. முன்ன தோட்டத்துல ஓடி வருதப்ப வட்டமா ஒண்ணு இருந்துச்சுல்லா, அது டூப்பு. இதை நல்லாப் பாரு, விரல் தெரியுதா?"

பின்னாலிருந்து ஒருவன், "ஏம்மா, உக்காருங்க, படம் மறைக்குது" என்று கத்தினான்.

"நீயும் நல்லாப் பாருலே" என்றாள் அத்தை, திரும்பாமலேயே.

மறுநாள் காலை அவள் தகரப் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து, பட்டுச் சேலைகள் இருக்கும் தட்டில் வைத்தாள். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது காட்டப்பட்டது, ஓரகத்திக்கு இரண்டு தடவை. படிப்பு முடிந்து நான் பாங்க் பரீட்சை எழுதாமல் இந்த வேலைக்குச் சென்னைக்குக் கிளம்பியபோது, அப்பா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த சமயம், அத்தைதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேலையை என் பைக்குள் திணித்தாள். "உங்கப்பன் கிடக்கான். போயி ஒழுங்காச் செய்" என்றாள். உடைக்குக் கறை போடும்போதெல்லாம், பட்டறையில் யார் கரண்டியைத் தூக்கினாலும், எனக்குள் அவள் கத்துவது கேட்கும்.

இந்த நினைப்பிலேயே வெயில் சாய்ந்துவிட்டது. சேலை மேலிருந்து காய ஆரம்பித்து, பாசிப்பயறுப் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நான் முதலில் இடுப்புப் பக்கம் பார்க்கவில்லை, பயம். மடியைப் பார்த்தேன், செங்கல் உரசிய முழங்காலைப் பார்த்தேன். பிறகு எழுந்து கொடியருகே போய்ச் சேலையைத் திருப்பினேன். இருந்தது. நான்கு விரலும், அந்த இழுப்பும், சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளி. அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அத்தை கை என் கையைவிடச் சின்னது. இத்தனை வருடமாக இது எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கிருந்தே அத்தைக்குப் போன் போட்டேன். அவளுக்கு இப்போது காது மந்தம், அதனால் நானும் கத்தினேன், அந்தப் பெண் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சேலையைத் துவைத்துவிட்டார்கள் அத்தை என்றேன். என்ன சோப்பு என்று கேட்டாள். சொன்னேன். நீலம் போட்டாளா என்று கேட்டாள். இல்லை என்றேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்" என்று அலுத்துக்கொண்டாள். கறை போகவில்லை அத்தை, அப்படியே இருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"அது எப்படிட்டி போகும்?" என்றாள். "நான் போட்டதுல்லா."